சுத்தியலா, நீர்நாயா, நாற்றா: கெல்ப் காட்டுக்குக் காசு கொடுக்குமுன் போட்ட கணக்கு

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு வழக்கம் உண்டு. ஊழியர்கள் சேர்ந்து எவ்வளவு நன்கொடை போடுகிறோமோ அதே தொகையை நிர்வாகமும் போடும், எதற்குக் கொடுப்பது என்று அந்தந்தக் குழுவே முடிவு செய்துகொள்ளலாம். இந்தத் தடவை எங்கள் குழுவில் ஐந்து பேருக்கும் கடல்மேல் அக்கறை வந்துவிட்டது. வட கலிபோர்னியாக் கரையில் கெல்ப் காடு அழிந்துபோனதைப் பற்றி யாரோ ஒரு வீடியோ அனுப்ப, சரி, இதற்கே கொடுக்கலாம் என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. எந்த வேலைக்கு என்று கேட்டபோதுதான் சண்டை. ஒரு தோழி நீர்நாய் என்றாள், இன்னொருவர் நாற்று நடலாம் என்றார், மூன்றாமவர் கெல்பைத் தின்னும் கடல் முள்ளெலியை (பாறையில் ஒட்டி வாழும், உடம்பெல்லாம் முள்ளான உருண்டைப் பிராணி, நிலத்து முள்ளெலி இல்லை) கொல்லத்தான் வேண்டும் என்று கணக்கோடு வந்தார், நான்காவது ஆள் இதெல்லாம் வீண், கடல் சூடாகிக்கொண்டே இருக்கும் வரைக்கும் எதைச் செய்தாலும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை, அதனால் படித்துவிட்டு வந்து சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இரண்டு மாதம் படித்ததும், ஒருமுறை அந்தக் கரைக்கே போய்ப் பார்த்ததும் சேர்ந்து எனக்கு ஒரு முடிவு கிடைத்தது. எங்கள் தொகை சின்னதுதான். ஆனால் மாநில அரசாங்கமே கோடிக்கணக்கில் செலவழிக்கும்போதும் இதே கேள்விக்குத்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

கெல்ப் என்பது குளிர்ந்த கடலில் பாறையைப் பிடித்துக்கொண்டு வளரும் பெரிய பழுப்புப் பாசி. ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கப் போகிறவர்கள் கட்டக்கோரை என்று சொல்வார்களே, அதுவும் பழுப்புப் பாசிதான், தூரத்துச் சொந்தம். ஆனால் மன்னார் வளைகுடாச் சூட்டில் கெல்ப் தாக்குப்பிடிக்காது. அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும், அந்தக் குளிர்ந்த நீரோடு ஆழத்திலிருந்து மேலே வரும் நைட்ரேட்டும் வேண்டும். நீர் சூடானால் இந்த உரமும் சேர்ந்தே குறைந்துபோகும். வட கலிபோர்னியாவின் மெண்டசீனோ, சொனோமா கரைகளில் வளர்வது புல் கெல்ப் (இது நம் புல் இல்லை, ஆங்கிலத்துக் காளை). அடியில் பாறையைக் கவ்விய ஒரு பிடிவேர், கயிறு மாதிரி நீளும் ஒற்றைத் தண்டு, உச்சியில் பெரிய ஆரஞ்சுப்பழம் அளவில் ஒரு காற்றுக்குமிழ், குமிழிலிருந்து தலைவிரித்த கூந்தல் போல இலைகள், அவ்வளவுதான் செடி. அந்தக் குமிழில் இருக்கும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு கூட உண்டு என்று படித்தபோது நம்பமுடியவில்லை, நிஜம்தான்.

இதில் கவனிக்கவேண்டியது, புல் கெல்ப் ஒருவருடப் பயிர். வசந்தத்தில் முளைத்து, கோடை முடிவதற்குள் நீர்மட்டத்தைத் தொட்டு, குளிர்காலப் புயலில் பெரும்பாலும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இலையில் வித்து திட்டுத்திட்டாகப் பழுக்கும், அந்தத் திட்டு அப்படியே கழன்று தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். அதாவது இந்த வருடம் இங்கே செடி இல்லையென்றால் அடுத்த வருடத்துக்கு இங்கே விதை இல்லை. நூறு மைல் தள்ளி காடு இருந்து என்ன பயன்? இந்த ஒரு விஷயத்தை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, என்ன நடந்தது? 2013-ல் நட்சத்திரமீன்களுக்கு ஒரு நோய் வந்தது. அதில் சூரியகாந்தி நட்சத்திரமீன் என்று ஒன்று, இருபதுக்கு மேல் கைகளோடு ஒரு மீட்டர் அகலம் வரை வளரக்கூடியது, முள்ளெலிகளை வேட்டையாடித் தின்பது. நோய் பிடித்த சில நாட்களில் கைகள் முறுக்கிக்கொண்டு, கழன்று, உடம்பு கூழாகிவிடும். கோடிக்கணக்கில் செத்தன. கலிபோர்னியாவில் அந்த இனம் அநேகமாக இல்லாமலே போய்விட்டது, 2020-ல் உலக அளவில் மிக ஆபத்தான நிலை என்று பட்டியலில் ஏறியது. அது போன கையோடு 2014 முதல் 2016 வரை பசிபிக்கில் கடல் வெப்ப அலை, கூடவே எல் நினோ. பட்டினியில் கெல்ப் மெலிந்த நேரம் பார்த்து, காவலும் போய்விட்டதால், ஊதா நிற முள்ளெலி அறுபது மடங்கு பெருகியது. சுமார் 350 கிலோமீட்டர் கரையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காடு காணாமல் போனது. கெல்பைத் தின்று வாழ்ந்த சிவப்பு அபலோனிச் சிப்பிகள் பட்டினியில் சாக, ஆயிரக்கணக்கானவர்கள் வருடாவருடம் முக்குளித்து அபலோனி எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பருவத்தையே 2018-ல் மூடிவிட்டார்கள். சிவப்பு முள்ளெலி பிடித்து விற்றுக்கொண்டிருந்த டைவர்களுக்கும் பிழைப்பு போனது.

அந்த வெப்ப அலை முடிந்துவிட்டது, கவனியுங்கள். நீர் மறுபடியும் குளிர்ந்தது. காடு மட்டும் பழையபடி வரவில்லை, ஏதோ ஒரு நல்ல வருடத்தில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததோடு சரி. காரணத்தை நான் மெண்டசீனோவின் ஃபோர்ட் ப்ராக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு விரிகுடாக் கரையில் கண்ணால் பார்த்தேன். தன்னார்வ டைவர்கள் சிலர் வலைப்பையில் முள்ளெலிகளை அள்ளிக்கொண்டு கரையேறினார்கள், ஒருவர் வண்டியின் பின்கதவில் ஒன்றை வைத்து ஓட்டை உடைத்துக் காட்டினார். நல்ல முள்ளெலி என்றால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஐந்து சுளை இருக்கும், ஜப்பானியக் கடையில் ஊனி என்று விற்பது அதுதான். இதில் சுளை இருக்கவேண்டிய இடத்தில் நூல் மாதிரி பழுப்பாக ஐந்து கோடு, மற்றபடி தண்ணீர். ஆனால் முட்கள் அசைந்துகொண்டிருந்தன. வாயில் இருக்கும் ஐந்து பல்லும் திறந்து திறந்து மூடின. உள்ளே ஒன்றுமே இல்லாமல் உயிரோடிருக்கிறது! இப்படியே வருடக்கணக்கில் பட்டினி கிடந்து உயிர்வாழும், பாறைமேல் ஏதாவது துளிர் தெரிந்தால் அதையும் சுரண்டித் தின்னும். இவற்றுக்கு அங்கே ஜாம்பி முள்ளெலி என்றே பெயர். ஜப்பானில் இப்படி மொட்டையான கடல்தரைக்கு இசோயாகே என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள், கரைப்பாறை எரிந்துபோவது என்று அர்த்தம் வரும்.

ஆக காட்டை அழித்த காரணம் ஒன்று, திரும்பவிடாமல் தடுக்கும் காரணம் வேறொன்று. நான் ஒவ்வொரு வழியையும் எடைபோட்டது இந்த இரண்டாவது காரணத்தை வைத்துத்தான்.

முதலில் சுத்தியல், ஏனென்றால் இதைத்தான் நான் கேலி செய்தேன். கடலுக்கடியில் போய் முள்ளெலியை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் நொறுக்குவதா, கொசுவைக் கையால் அடித்து ஊரைச் சுத்தம் பண்ணுகிற கதை என்று நினைத்தேன். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலோஸ் வெர்டிஸில் 2013 முதல் இதைச் செய்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து இருபது என்று அப்பிக் கிடந்த முள்ளெலிகளை இரண்டாகக் குறைத்தார்கள், ஐம்பது ஏக்கருக்கு மேல். காலியான பாறைக்கு ராட்சத கெல்ப் (கெல்பில் இன்னொரு வகை) தானாகவே வந்து சேர்ந்தது, யாரும் நடவில்லை. கனடாவில் ஹைடா குவாய் தீவுகளில் ஹைடா மக்களும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து மூன்று கிலோமீட்டர் கரையில் முள்ளெலியைக் குறைத்தார்கள், அங்கேயும் கெல்ப் திரும்பியது. சுளையுள்ள முள்ளெலிகளை ஊர் மக்களுக்கு உணவாகவே கொடுத்தார்கள். மெண்டசீனோவில் 2020-லிருந்து நோயோ துறைமுகம், ஆல்பியன் இரண்டு இடங்களிலும் பிழைப்பு இழந்த அதே முள்ளெலி டைவர்களைக் கூலிக்கு அமர்த்தி, அரசுப் பணத்தில், இதைச் செய்து பார்த்தார்கள். சுத்தம் செய்த திட்டுகளில் புல் கெல்ப் முளைத்தது. காஸ்பரில் பொழுதுபோக்கு டைவர்களும் தண்ணீருக்கடியிலேயே நொறுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நொறுக்கினால் முட்டை சிதறி இன்னும் பெருகாதா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். நான் பார்த்த அந்தக் காலி ஓட்டைப் படம் எடுத்திருந்தேன், அதைக் காட்டினேன், சிதறுவதற்கு உள்ளே என்ன இருக்கிறது?

குறையும் சொல்லவேண்டும். எல்லா முள்ளெலியையும் எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை, ஆனால் ஒருமுறை எடுத்துவிட்டு வந்துவிடவும் முடியாது. ஆழத்திலிருந்து ஊர்ந்து வரும், பாறை இடுக்கிலிருந்து குஞ்சுகள் வெளியே வரும். அந்தக் கரையில் அலை அடிக்கிற அடியில் வருடத்தில் டைவ் செய்ய முடிகிற நாட்களே கொஞ்சம். 350 கிலோமீட்டரையும் சுத்தியலால் மீட்பது நடக்காத காரியம், ஒரு சில விரிகுடாக்களைக் காப்பாற்றலாம். வட நார்வேயில் வேகமாக வேலை முடிய சுண்ணாம்பைத் தூவிப் பார்த்திருக்கிறார்கள். வேகம் சரி, ஆனால் சுண்ணாம்புக்கு எது முள்ளெலி எது நட்சத்திரமீன் என்று தெரியாது, அங்கே பக்கத்தில் கிடக்கும் மற்ற முள்தோலிகளுக்கும் (நட்சத்திரமீன் மாதிரிப் பிராணிகளுக்கு) புண்தான்.

இதே வேலை டாஸ்மேனியாவில் வேறு மாதிரி நடக்கிறது. அங்கே கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கே தள்ளிக்கொண்டு வந்த சூட்டில் நீண்ட முள் முள்ளெலி குடியேறிவிட்டது. அதன் குஞ்சு பிழைக்கக் குளிர்காலத்தில் நீர் 12 டிகிரிக்குக் குறையக்கூடாது, முன்பெல்லாம் டாஸ்மேனியாவில் குறையும், இப்போது குறைவதில்லை. 1978-ல்தான் முதன்முதலாக அங்கே கண்ணில் பட்டது, இன்றைக்குக் கிழக்குக் கரைப் பாறைகளில் சுமார் 15 சதவீதம் மொட்டை. ஆனால் அந்த முள்ளெலிக்குள் சுளை இருக்கிறது, விற்கிறது. அதனால் அரசு டைவர்களுக்கு எடைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்து அதை ஒரு மீன்பிடித் தொழிலாகவே ஆக்கிவிட்டது, சந்தையே செலவில் ஒரு பங்கைத் தூக்கிக்கொள்கிறது. மெண்டசீனோவின் காலி முள்ளெலியை யார் வாங்குவார்கள்? தொட்டியில் போட்டுத் தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து விற்கலாம் என்று முயற்சிகள் உண்டு, நல்ல யோசனைதான், ஆனால் கோடிக்கணக்கான முள்ளெலிக்கு எத்தனை தொட்டி வைப்பது?

இனி நீர்நாய். இதில் எனக்கு மனசு ஒப்பாமல்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கடல் நீர்நாயைப் பார்த்தவர்கள் யாரும் அதற்கு எதிராக ஓட்டுப் போட மாட்டார்கள். மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றில் கல்லை வைத்து, சிப்பியை அதில் அடித்து உடைத்துத் தின்னும் பிராணி. கம்பளிப் போர்வை மாதிரி கொழுப்பு கிடையாது, வெறும் ரோமம்தான், அதனால் உடம்புச் சூட்டைக் காக்கத் தினமும் தன் எடையில் கால்பங்கு தின்றாகவேண்டும். அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி அநேகமாக அழித்துவிட்டார்கள். பிக் சர் கரையில் ஒளிந்து தப்பிய ஐம்பது சொச்சத்திலிருந்துதான் இன்று கலிபோர்னியாவில் இருக்கும் சுமார் மூவாயிரமும் வந்தன. நீர்நாய் இருக்கும் இடத்தில் கெல்ப் இருக்கிறது, இல்லாத இடத்தில் மொட்டை, என்பது அலாஸ்காத் தீவுகளில் பல பத்தாண்டுகளாகக் கண்ட உண்மை.

ஆனால் மத்திய கலிபோர்னியாவின் மான்டரேயில் அதே ஜாம்பி முள்ளெலி வந்தபோது நீர்நாய்கள் என்ன செய்தன தெரியுமா? மிச்சம் இருந்த கெல்ப் திட்டுகளுக்குள் போய், அங்கே தின்று கொழுத்த முள்ளெலிகளாகப் பார்த்துத் தின்றன. மொட்டைப் பாறையில் கிடந்த காலி முள்ளெலியைத் தொடவே இல்லை. காலி ஓட்டை உடைக்க அதற்கென்ன பைத்தியமா, கால்பங்கு எடை தின்னவேண்டிய பிராணி. அதனால் மிச்சக் காடு தப்பியது, போன காடு வரவில்லை. நீர்நாய் நல்ல காவல்காரன். மெண்டசீனோவில் காவல் காக்கவேண்டிய காடே திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், மெண்டசீனோவில் இப்போது நீர்நாயே கிடையாது. தானாக வடக்கே பரவவும் முடியவில்லை, அவை வாழும் பகுதியின் எல்லையில் வெள்ளைச் சுறா கடித்துப்போடுகிறது, தின்பதற்குக் கூட இல்லை, கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும், நீர்நாய் செத்துவிடும். ஒளிந்துகொள்ளக் கெல்ப் வேண்டும், கெல்ப் வர நீர்நாய் வேண்டும் என்று ஒரு சுழல். கொண்டுபோய் விடலாமே என்றால், 1987-லிருந்து 1990 வரை 140 நீர்நாய்களை தென் கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவில் விட்டார்கள், பெரும்பாலானவை தங்கவில்லை, சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்திப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. பல வருடம் கழித்துத்தான் அங்கே ஒரு கூட்டம் தலையெடுத்தது. வட கலிபோர்னியாவிலும் ஆரிகனிலும் மறுபடி விடுவது சாத்தியம்தான் என்று அமெரிக்க வனவிலங்குத் துறை 2022-ல் ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது. நண்டு பிடிப்பவர்களுக்கு அதில் பயம், அவர்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது, நீர்நாய்க்கு நண்டு என்றால் உயிர். இது அரசு, மீனவர், பழங்குடிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம், எங்கள் ஐந்து பேரின் காசு அந்த மேஜைக்கு ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு ஆகும்.

வேட்டையாடும் பிராணிகளில் எனக்குப் பிடித்துப்போனது சூரியகாந்தி நட்சத்திரமீன்தான். அது காலி முள்ளெலி என்று ஒதுக்குவதில்லை. தொட்டியில் வைத்துப் பார்த்த ஆராய்ச்சியில் மூன்று நாளைக்கு இரண்டு என்ற கணக்கில் தின்றது, பட்டினி முள்ளெலியை இன்னும் வேகமாகவே தின்றது. ஓடு, முள், எல்லாம் சேர்த்து அப்படியே விழுங்கிவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வகத்தில் முட்டையிலிருந்து வளர்த்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள், கலிபோர்னியாவிலும் வளர்க்கிறார்கள். நோய்க்கு என்ன காரணம் என்று பன்னிரண்டு வருடம் தெரியாமலிருந்து 2025-ல் கண்டுபிடித்துவிட்டார்கள்: விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா, காலரா கிருமிக்குப் பங்காளி. இனி நோய் தாங்கும் மீன்களைத் தேர்ந்தெடுக்கலாம், விடுவதற்குமுன் சோதிக்கலாம். ஆனால் நீர் சூடானால் இந்த நோயின் வேகம் கூடுகிறது, அதனால்தான் இன்று மிச்சம் இருப்பவை கனடாப் பக்கக் குளிர்ந்த ஃபியார்டுகளில் (மலைகளுக்கிடையே நீளும் ஒடுங்கிய விரிகுடாக்களில்) இருக்கின்றன. பத்து வருட வேலை, இருபதாகவும் ஆகலாம். இதற்குச் சிறு தொகையும் உதவும், ஏனென்றால் வளர்ப்பது சின்னச் சின்ன ஆய்வகங்கள்.

வேட்டை மீன்களைப் பிடிக்காமல் விட்டாலே போதும் என்பது இன்னொரு வழி. நியூசிலாந்தில் லீ என்ற இடத்தில் 1975-ல் மீன்பிடியை முழுக்க நிறுத்தினார்கள். ஸ்னாப்பர் மீனும் பாறை இறாலும் பெருத்து, முள்ளெலி குறைந்து, சுமார் இருபது வருடத்தில் மொட்டைப் பாறையில் கெல்ப் மூடியது. செலவில்லாத வழி போலத் தெரியும், மீனவரைக் கேட்டால் செலவு எவ்வளவு என்று சொல்வார். டாஸ்மேனியாவிலும் பெரிய பாறை இறால் மட்டுமே அந்த நீண்ட முள் முள்ளெலியை உடைத்துத் தின்னும், பெரிய இறாலைத்தான் நாம் முதலில் பிடிக்கிறோம். மெண்டசீனோவுக்கு இது ஒத்துவராது. அந்தக் குளிர்ந்த நீரில் அப்படி ஒரு மீனோ இறாலோ இல்லை, தடைபோட்டால் பெருகி வந்து முள்ளெலியைத் தின்ன ஆளில்லை.

அப்புறம் நாற்று. காசு கொடுப்பவர்களுக்கு மிகவும் பிடிப்பது இதுதான், படம் எடுக்கலாம், எத்தனை செடி நட்டோம் என்று எண்ணலாம். இதில் உலகத்திலேயே அழகான கதை சிட்னியுடையது. அங்கே எழுபது கிலோமீட்டர் கரையில் இருந்த க்ரேவீட் என்ற பாசி 1980-கள் வாக்கில் இல்லாமலே போனது, நகரத்துச் சாக்கடை கரையோரம் கலந்ததுதான் பெரிய சந்தேகம். பிறகு சாக்கடைக் குழாயை ஆழ்கடலுக்குத் தள்ளிக் கொண்டுபோனார்கள், நீர் தெளிந்தது, ஆனால் பாசி திரும்பவில்லை, ஏனென்றால் பக்கத்தில் விதை இல்லை. ஆராய்ச்சியாளர்கள் வேறு இடத்திலிருந்து வளர்ந்த ஆண், பெண் செடிகளைக் கொண்டுவந்து வலையில் கட்டிப் பாறையில் ஆணியடித்து வைத்தார்கள். அவை ஒன்றோடொன்று கூடி, சுற்றிலும் குஞ்சு பாசி முளைத்து, தாய்ச்செடி போனபிறகும் காடு தானே பரவியது. அது க்ரேவீட், கெல்ப் இல்லை என்று தாவரவியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், சரி, பாடம் ஒன்றுதான். கொன்றவன் போய்விட்டான், விதை மட்டும்தான் குறை. அங்கே நாற்று பலித்தது.

மெண்டசீனோவில் கொன்றவன் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறான். முள்ளெலியை எடுக்காமல் நாற்று நடுவது ஆட்டுப்பட்டிக்குள் கீரை விதைக்கிற வேலை. நார்வேயில் ஒரு கெட்டிக்கார யோசனை, சிறு கற்களில் ஆய்வகத்திலேயே கெல்ப் குஞ்சுகளை முளைக்கவைத்துப் படகிலிருந்து அப்படியே கொட்டுவது. டைவர் கூலி மிச்சம். பச்சைக் கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுத்தம் செய்த இடத்துக்கு இது நல்ல துணை.

டாஸ்மேனியாவில் நாற்றையே மாற்றிப் பார்க்கிறார்கள். அங்கே ராட்சத கெல்ப் காட்டில் 95 சதவீதம் போய்விட்டது, 2012-ல் மத்திய அரசே அந்தக் காட்டை அழியும் ஆபத்தில் இருக்கும் சமூகம் என்று அறிவித்தது. மிஞ்சிய ஐந்து சதவீதம் அதே சூட்டில் எப்படிப் பிழைத்தது என்று யோசித்து, அவற்றின் வித்துகளை எடுத்துச் சூடு தாங்குகிறதா என்று சோதித்து, தாங்கிய வகைகளைக் கடலில் நட்டார்கள். வளர்ந்தன. இதை நான் மதிக்கிறேன். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011 வெப்ப அலைக்குப் பிறகு சுமார் நூறு கிலோமீட்டர் கரையில் கெல்ப் போய், அங்கே இப்போது புல்தரை போன்ற குட்டைப் பாசியும், துளிரைத் தின்னும் வெப்பமண்டல மீன்களும் குடியிருக்கின்றன. அங்கே எந்த வகை நாற்றை நட்டாலும் மீனுக்குத்தான் இரை. எல்லை நகர்ந்துவிட்ட இடத்தில் பழைய காட்டைத் தூக்கி நிறுத்தப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நாற்றுக் கட்சியில் எனக்கு உடன்பாடான ஒன்று உண்டு, விதை வங்கி. கெல்ப் வித்து முளைத்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஆண், பெண் இழைகளாக வரும். அவற்றைக் குளிர்ந்த நீரில், சிவப்பு வெளிச்சத்தில் வைத்தால் கூடாமல், வயதாகாமல் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், வேண்டும்போது வெளிச்சத்தை மாற்றினால் போதும். ஒரு குளிர்பெட்டிக்குள் ஒரு கரையின் காடே அடங்கிவிடும். ஒருவருடப் பயிருக்கு, அதுவும் இரண்டு மோசமான வருடம் வந்தால் விரிகுடாவே காலியாகிவிடக்கூடிய செடிக்கு, இவ்வளவு மலிவான காப்பீடு வேறில்லை.

டீ போடப் போனவரின் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். கடல் சூடு குறையாமல் இதெல்லாம் எதற்கு? அவர் சொல்வது பாதி சரி. அடுத்த வெப்ப அலை வரும், சுத்தம் செய்த திட்டையும் அது பதம் பார்க்கும். ஆனால் மெண்டசீனோ கடல், ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வரும் கரை, நல்ல வருடங்கள் இன்னும் அங்கே வருகின்றன. நல்ல வருடம் வரும்போது வித்து போட ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நார்வேயின் நடுப்பகுதியில் நீர் சூடானதாலேயே பச்சை முள்ளெலிக் குஞ்சுகள் பிழைக்காமல், தெற்கேயிருந்து நண்டும் வந்து, கெல்ப் திரும்பியிருக்கிறது, ஆக சூடு எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இன்னொன்று, கெல்ப் நட்டால் கார்பன் கணக்கில் வரவு என்று விற்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அந்தப் பாசியில் எவ்வளவு நிஜமாகவே ஆழ்கடலில் போய்ப் புதைகிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. மீனுக்காக, அபலோனிக்காக, கரைக்காகக் காட்டைக் காப்பாற்றலாம், அது போதாதா?

கடைசியில் நாங்கள் செய்தது இது. தொகையில் அறுபது சதவீதம் சுத்தியலுக்கு, அதுவும் கொஞ்சமாவது கெல்ப் மிஞ்சியிருக்கும் விரிகுடாக்களில் அதைச் சுற்றிச் சுத்தம் செய்யும் வேலைக்கு மட்டும். முழு மொட்டையான இடத்தில் புதிதாக ஆரம்பிப்பதற்கு இல்லை. இருபது சதவீதம் விதை வங்கிக்கு, இருபது நட்சத்திரமீன் வளர்ப்புக்கு. நாற்றுக்கு இந்த வருடம் ஒன்றுமில்லை. நீர்நாய்த் தோழி ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டு, தன் சொந்தக் காசை நீர்நாய்க்கே அனுப்பினாள், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இதே கரையோ வேறு கரையோ, நீங்களும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்புமுன் நான் கேட்ட மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். போன வருடம் நொறுக்கிய முள்ளெலி எத்தனை லட்சம் என்பதை அவர்களே பெருமையாகச் சொல்வார்கள், அதை விடுங்கள், இன்றைக்கு ஒரு சதுர மீட்டரில் மிச்சம் எத்தனை என்று கேளுங்கள். சுத்தம் செய்யாத பக்கத்து விரிகுடாவையும் எண்ணிப் பார்க்கிறார்களா, அங்கேயும் கெல்ப் தானாக வந்திருந்தால் சுத்தியலுக்கு என்ன பெருமை? பணம் தீர்ந்தபிறகு அடுத்த இரண்டு வருடம் யார் போய்ப் பார்ப்பார்கள்? நான் எழுதிக் கேட்ட இரண்டு குழுக்களில் ஒன்று அழகான கையேடு அனுப்பியது, முகப்பில் நீர்நாய் படம். இன்னொன்று ஒரு எக்செல் தாளை அனுப்பியது, அதில் மூன்று வரிசையில் எண்ணிக்கை மறுபடியும் ஏறியிருந்தது, பக்கத்தில் "குளிர்கால அலை, டைவ் இல்லை" என்று குறிப்பு. காசு எக்செல்காரர்களுக்குப் போனது.